பேண்டு வாத்தியக் குழு முழுக்க ஒரு ‘வாரேன்’

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதேஸ்வரன் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே இங்கிலாந்தில் வேலை முடிந்ததும் ஒரு பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். இப்போது பழகுவது, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கடல் தாண்டிக் கொண்டுபோகப்பட்டவர்களின் பாட்டிலிருந்து பிறந்த இசை. ஒற்றைப் புல்லாங்குழல் கூப்பிடும்; நாங்கள் எல்லோரும் ஊதிவிட்டு ‘யே’ என்று குரல் கொடுக்க வேண்டும். நேற்று அந்தக் குழல், நீங்கள் மிளகுத் தோட்டத்திலிருந்து அப்பாவை “ஏனுங்க” என்று கூப்பிடுவதுபோலவே இழுத்தது. என்னை மறந்து, அப்பா மாதிரியே “வாரேன்” என்று கத்திவிட்டேன். பேண்டு மாஸ்டர் சிரித்தார். எல்லோரையும் அதையே சொல்லச் சொல்லிவிட்டார் அம்மா.

அடுத்த முறை அப்பாவைக் கூப்பிடும்போது ஃபோனில் பதிந்து அனுப்புங்கள். சுருதி பார்க்கத்தான்.

பஸ் வந்துவிட்டது. சனிக்கிழமை மேடையில் ஐம்பது பேர் “வாரேன்” என்போம். எனக்கு மட்டும்தான் அதற்கு அர்த்தம் தெரியும்.

உங்கள் மகன்,
மாதேஸ்