கழுவி அடுக்கிய கற்கள்

போத்தனூர்,
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள மதி அக்காவுக்கு, கவியரசி எழுதுவது.

வாளித் தண்ணீர் நீலமாகிக்கொண்டிருந்ததைத்தான் நான் முதலில் பார்த்தேன். அது என்ன தண்ணீர் என்று சொல்வதற்கு முன் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் அப்படியே இருக்க வேண்டும். அம்மா இன்னும் பல்லடம் தறிக்குப் பஸ் பிடித்துப் போய் வருகிறாள். அப்பாவுக்கு இடது கண்ணிலும் வெளிச்சம் போய்விட்டது, எதிரே ஆள் நின்றால் நிழல் மாதிரி தெரிகிறதாம். ரொட்டியைத் தின்றே நாளை ஓட்டாதே, ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு என்று அம்மா எழுதச் சொன்னாள்.

நீ கேட்ட கடிதத்தை நேற்று அப்பா சொல்லச் சொல்ல எழுத உட்கார்ந்தேன். சுரங்கத்துக்கும் எண்ணெய்க்கும் பூமியைத் துளைத்துப் பார்த்த வரலாற்றைப் பழைய ஆவணங்களில் தேடுகிறவர்களுக்குப் பணம் தரும் அந்தச் சங்கம், துளையில் எடுத்த கல் பெட்டிகளை வைத்திருப்பவரே தன் பாஷையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்பதும், பணம் கிடைக்காவிட்டால் மார்கழிக்குள் நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டு வர வேண்டியிருப்பதும் எனக்கு மனப்பாடம். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து, சம்பந்தி வீட்டில் பேசப்போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமினார். இருபத்திரண்டு வருசம் துளை போடும் வண்டியில் வேலை பார்த்ததையும், காவிரிப் பக்கம் எண்ணெய் தேடிப் போட்ட துளையில் ஒன்றுமில்லை என்று காண்டிராக்டர் கேம்பைக் கலைத்தபோது, குப்பைக்குப் போக இருந்த மூன்று பெட்டிக் கல்லையும் ஆழம் எழுதிய ரிஜிஸ்டரையும் லாரியில் ஏற்றி வந்ததையும் சொன்னார். "உங்கக்கா கல்லைத் தேடிக்கிட்டுச் சீமைக்குப் போயிருக்கறா, கல்லு இங்க கட்டலுக்கடியில கெடக்குது பாரு" என்று சிரித்தார். பிறகு, "மேல இருந்து கீழ வரைக்கும் எடுத்த வரிசையிலயே எல்லாக் கல்லும் இருக்குதுன்னு எழுதம்மணி" என்றார். நான் எழுதவில்லை. "ஏங்கண்ணு, பேனாச் சத்தம் நின்னுபோச்சு" என்றார். மை தீர்ந்துவிட்டது என்றேன்.

அக்கா, ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிகளின் மூடிமேல் சந்தனப் பொட்டு வைப்பதோடு சரி. இந்த வருசம் அம்மா, "அக்காளுக்குச் சோறு போடப்போற கல்லுங்க பாப்பா, அருவாமனையவே தேச்சுக் கழுவறோம், இதை அழுக்கா வெச்சா நல்லாவா இருக்கும், கழுவிப்போடு" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள். நான் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். கல்லில் மங்கலாக நீலக் கோடுகள் இருந்தன, கறை என்று நினைத்தேன். தண்ணீர் நீலமானபோதே நிறுத்தியிருக்கலாம். நான் தண்ணீரைத்தான் மாற்றினேன். மாடியில் காயவைத்து, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று பெரியதைக் கீழேயும் சின்னதை மேலேயும் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். போன வாரம் நீ போட்டோ கேட்டு, கல்லில் எழுதியிருக்கும் ஆழம் தெரிகிற மாதிரி எடு என்று சொன்னபோதுதான் அந்தக் கோடுகள் என்னவென்று தெரிந்தது.

மூன்று நாளாக ரிஜிஸ்டரை வைத்துப் பொருத்திப் பார்த்தேன். பக்கம் பக்கமாகச் சாம்பல் கல், சாம்பல் கல் என்றே இருக்கிறது. நூற்றுப் பதினான்கில் இரண்டைத்தான் அடையாளம் காண முடிந்தது, சிப்பி பதிந்தது ஒன்று, கரிக்கருப்பு ஒன்று. வரிசை போனால் அது வெறும் கல் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எட்டாவதோடு நின்ற எனக்கே அது புரிகிறது என்றால் அவர்களுக்குப் புரியாதா. பொய்யாக எழுதி அனுப்பினால் அவர்கள் வந்து பார்க்கும் அன்று உன் பேர்தான் கெடும். ரிஜிஸ்டர் மட்டும் ஒரு பக்கம்கூடக் கிழியாமல் இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பிப் பணம் தருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, தேய்த்தது என் கைதான்.

எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வாதம் சொன்னார்கள். வெளியே போகும்போது காதை மூடிக்கொள்.

இதுவரை எழுதியதை அப்பாவிடம் விடாமல் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "அத்தனையுமா கழுவிப்போட்டே கண்ணு" என்றார். ஆமாங்கப்பா என்றேன். கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார். அவர் விரலைப் பிடித்து இந்த வரி முடிகிற இடத்தில் வைக்கிறேன்.

அ. அங்கப்பன்