நான் மென்ற வெற்றிலை

பயகும்பு,
திங்கட்கிழமை

யுஸ்மர் அண்ணனுக்கு ஸலாம்.

நீ, அண்ணி, பிள்ளைகள் நலமா, ஜகார்த்தாவில் துணிக்கடை எப்படிப் போகிறது என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. அப்பா இப்போது நம் வீட்டில் இல்லை. அனுப்பியது நான்தான். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் நூறாவது நாள் ஓதல் சனிக்கிழமை நல்லபடியாகத்தான் நடந்தது. பெரியம்மா முந்தின நாளே உட்கார்ந்து ரெண்டாங் கறி கிளறினாள். வந்தவர்கள் இலையில் கட்டிக்கொண்டும் போனார்கள். சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் தங்கை ஜவானிஸ் அத்தை தன் இரண்டு பெண்களோடு வந்து கூடத்தில் உட்கார்ந்து, பித்தளை வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள். பெரியம்மா முன்னால் இல்லை, என் முன்னால். "எடுத்துக்கோம்மா, உங்கம்மாவுக்கு அப்புறம் நீதானே வீட்டுக்காரி" என்றாள்.

பெருமையாக இருந்தது அண்ணா. பதாங்கில் நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டு வந்த நாளிலிருந்து என்னை யாரும் எதையும் முதலில் கேட்டதில்லை. ஒரு வெற்றிலையை எடுத்து, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டேன். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

உடனே அத்தையின் மூத்த பெண் எழுந்து உள்ளே போனாள். அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது!

வாயில் வெற்றிலைச் சாற்றோடு, "எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்று கத்தினேன். "எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போறோம். நீதான் வெத்தல எடுத்துட்டியே" என்றாள் அத்தை, சாதாரணமாக. வீடு பெண்வழிச் சொத்து, மனைவி வீட்டில் வாழ வந்தவனை அவள் இறந்த நூறாம் நாள் அவன் கூடப்பிறந்தவள் வந்து அழைத்துப் போவாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சில வீடுகளில் இப்போது கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள், நம் வீட்டிலும் கேட்பார்கள், மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். கேள்வியே அந்தத் தட்டுதான், மென்றால் சம்மதம் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? பெண்கள் கூடிப் பேசும்போது நான் பைக்கில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர்களோ எனக்கும் தெரியும் என்றே நினைத்துவிட்டார்கள்.

அப்பா வாதாடவே இல்லை. முப்பத்தோரு வருஷம் இருந்த வீடு. படியிறங்கும்போது திரும்பி, "மேற்குப் பக்கம் கூரைத் தகரம் ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்குது. மழைக்கு முன்னாடி அடிச்சிடு" என்றார். அவ்வளவுதான்.

போன பெருநாளுக்கு நீ வந்தபோது நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? உலகமே பெண்கள் கையில் இருந்தால் ஒருத்தனும் தெருவில் நிற்கமாட்டான், நம் ஊரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று நான் கத்தினேன். நீ சிரித்தாய். "ஆம்பளப் பிள்ளைக்கு வீட்டுல இடம் இல்லன்னு ஏழு வயசுல என்னைத் தொழுகைக்கூடத்துல படுக்க அனுப்பினது யாரு? என் சட்டைய மாட்ட இந்த வீட்டுல ஒரு ஆணி இருக்கா, காட்டு பாப்போம்" என்றாய். "மரத்தோட மரம் கோத்து ஆணியே அடிக்காம கட்டின வீட்டுல ஆணிக்கு எங்க போறது?" என்று உன்னைக் கேலி செய்தேன். எல்லோரும் என் பக்கம் சிரித்தார்கள். அம்மாவும்தான்.

சனிக்கிழமை அந்தக் கூடத்தில் முடிவு செய்த அத்தனை பேரும் பெண்கள் அண்ணா. ஒருத்தியும் கெட்டவள் இல்லை. அப்பாவின் சட்டைகளை மடிக்கும்போது பெரியம்மா அழுதாளாம். அழுதுகொண்டே மடித்திருக்கிறாள்! அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் பறந்தேன். அப்பா முன்னறையில் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். விருந்தாளிக்கு நகர்வதுபோல எல்லோரும் அவருக்கு நகர்ந்து இடம் விடுகிறார்கள். நம் வீட்டில் மூன்று தடவை காப்பி கேட்பாரே, அங்கே கொடுத்தால் குடிக்கிறார், கேட்பதில்லை. வாங்கப்பா போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "வெத்தல வெச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. வெத்தல வெச்சுக் கூப்பிட்டாத்தான் திரும்ப வர முடியும். நானா வந்து நின்னா உன் பெரியம்மா மூஞ்சில எப்படிம்மா முழிக்கிறது?" என்றார். பிறகு மெதுவாக, "தகரம் அடிச்சியா?" என்றார்.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சண்டை போட்டேன். அவள் ஒரு வழி சொன்னாள். எலிஸ்மா சித்தியும் விதவைதானே, அப்பாவுக்கே நிக்காஹ் செய்து வைத்துவிட்டால் அவர் இந்த வீட்டு மாப்பிள்ளையாகவே இருக்கலாமாம். சித்தி அங்கேயே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "என்னை யாராச்சும் கேட்டீங்களா? பன்னெண்டு வருஷமா நிம்மதியா தூங்குறேன். அத்தான் குறட்டையிலதான் தகரமே தூக்கிக்கிச்சு" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் பெரியம்மா, "சரி, எந்த மாசம் வெச்சுக்கலாம்?" என்றாள், சித்தி வாயே திறக்காததுபோல.

அப்பாவைத் திரும்ப அழைக்க வீட்டுப் பெண் தட்டை ஏந்த வேண்டும், நம் குடும்பத்து ஆண் ஒருத்தர் பேச வேண்டும். மாமாவிடம் போனேன். "வீடு உங்களோடது. முறையை மீறிப் பேச என்னைக் கூப்பிடாதே" என்றார், மாமி வீட்டு வாசலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. "மாமிக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க பெட்டியும் இதே வாசலுக்குத்தான் வரும் மாமா. இப்பவே கட்டி வெச்சுக்கோங்க" என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இன்று காலை நானே கூரையேறித் தகரத்தை அடித்தேன். இரண்டு ஆணி மிச்சம். இறங்கி வந்து கூடத்துத் தூணில் இரண்டையும் அடித்துவிட்டேன். பெரியம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "பூட்டன் காலத்துத் தூணுடி! யாரைக் கேட்டு அடிச்ச?" வீட்டுக்காரியைக் கேட்டுத்தான் என்றேன். கையை ஓங்கினாள். பிறகு ஆணியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெண்கள் ஆண்டால் உலகம் நன்றாக இருக்குமா என்று இனி நான் கத்தமாட்டேன். எனக்குத் தெரியாது. என் கைக்கு ஒரு வீடு வந்திருக்கிறது, அதில் செய்த முதல் காரியத்தை நான் திருத்த வேண்டும். அம்மா வழியில் மாமாவை விட்டால் இருக்கும் ஆண் நீதான். வெள்ளிக்கிழமை பஸ் ஏறிவிடு அண்ணா. தட்டை நான் ஏந்துகிறேன், நீ பேசு. கோபம் இருந்தால் அதையும் கொண்டு வா, இங்கே வந்து திட்டு.

அப்பா விட்டுப்போன கறுப்புத் தொப்பியை ஒரு ஆணியில் மாட்டியிருக்கிறேன். பக்கத்து ஆணி காலியாக இருக்கிறது. சட்டை எடுத்து வா.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கட்டும்.

உன் தங்கை,
நெல்ஃபி