ஏற்றாத சூடம்

அன்புள்ள கண்ணு யுவஸ்ரீக்கு,

துடியலூரிலிருந்து அம்மா எழுதுவது. எனக்கு இங்கே குறையொன்றும் இல்லை, படியேறும்போது மட்டும் முழங்கால் வலிக்கிறது. அயர்லாந்துக் குளிரில் நைட் ஷிப்ட் முடித்து வரும் உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அப்பாவுக்குச் சூடம் ஏற்றியாச்சா என்று அவர் நினைவு நாளான புதன்கிழமை கேட்டாய், ஏற்றிவிட்டேன் என்றேன். ஏற்றவில்லை.

மில்லின் மின்நிலையத்தில் நிலக்கரியை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. பாய்லர் அதே பழைய பாய்லர்தான், உள்ளே சிலவற்றை மாற்றியிருக்கிறார்கள். இப்போது எரிப்பது தென்னை மட்டைத் தூள், கடலைத் தொலி, பருத்திமார். கரி குவித்திருந்த இடத்தைக் கழுவித் தகரக் கொட்டகை போட்டுவிட்டார்கள். வெளியே துணி காயப்போட்டால் கறுப்பு படிவதில்லை என்று பக்கத்து வீடுகளில் சந்தோஷப்படுகிறார்கள். நான் இன்னும் உள்ளேதான் காயப்போடுகிறேன், கை அப்படிப் பழகிவிட்டது. அப்பா போன பிறகு கொடுத்த வேலையில் இத்தனை வருடம் லேப் சோதனைக்குக் கரி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த என்னை வாசல் கேட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். தொலிக்கும் தூளுக்கும் ஒரு பொறி போதும், பிடித்துக்கொள்ளும். அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் பீடி, தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு நம்பர் போட்ட தகடு ஒன்று கொடுக்க வேண்டும். வெளியே போகும்போது தகட்டைக் கொடுத்துவிட்டுப் பொருளை வாங்கிக்கொள்வார்கள்.

கரி இருந்தவரை அப்பா விழுந்த மூலையில் வேலியோரமாகச் செங்கல் வைத்து வருடம் தவறாமல் சூடம் ஏற்றினேன், யாரும் தடுத்ததில்லை. இந்த வருடமும் சாப்பாட்டுப் பையில் தூக்குப்போசிக்கு அடியில் சூடத்தையும் தீப்பெட்டியையும் வைத்து எடுத்துப் போனேன். கூடாது என்று தெரிந்துதான் வைத்தேன். ஒன்பது மணிக்குச் சென்னிமலைப் பக்கமிருந்து கடலைத் தொலி ஏற்றி வந்த டிரைவர் மோகன்குமார் தீப்பெட்டியை நீட்டிக்கொண்டே, ஏனுங்கக்கா, எங்க பையெல்லாம் நீங்க சோதிக்கறீங்க, உங்க பைய ஆருங்க சோதிக்கறது என்று சிரித்தார். பின்னால் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். லாரி உள்ளே போனதும் என் தீப்பெட்டியை எடுத்து மற்றவற்றோடு தட்டில் வைத்தேன். நோட்டில் மயிலாத்தாள் என்று எழுதி, பதினான்காம் நம்பர் தகட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் பாதுகாப்பு அதிகாரி ஆரிஃப் வந்தார். அவருக்குத் தேதி தெரிந்திருக்கிறது. அக்கா, பத்து நிமிசம் நான் தண்ணிக் குழாயப் புடிச்சுட்டுப் பக்கத்துலயே நிக்கறேனுங்க, நீங்க ஏத்திப்போட்டு வந்துருங்க என்றார். நல்ல மனசு அவருக்கு. வேண்டாமுங்க சார் என்றேன்.

ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன், இதுவரை சொன்னதில்லை. அப்பா போன அன்று கரிக்குவியல் புகைந்துகொண்டிருந்தது. புகைகிற குவியல்மேல் ஆள் ஏறக் கூடாது என்று அப்போதும் போர்டு இருந்தது. பத்து நிமிசம் தண்ணி அடிச்சுப்போட்டு எறங்கிரு சுப்பையா என்று அப்போதிருந்த அதிகாரி சொன்னார். அப்பா ஏறினார். குவியல் சரிந்துவிட்டது. அந்த அதிகாரியும் நல்லவர்தான், நம் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்.

அழுகை வரவில்லை கண்ணு. சோற்றைச் சாப்பிட்டேன். மூலையைப் போய்ப் பார்த்தேன், தென்னை மட்டை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன், தீப்பெட்டியைத் திரும்ப வாங்கவில்லை. நேற்று ஆரிஃப் சொன்னார், ஒரு தகடு திரும்பாததால் புதன்கிழமை உள்ளே போனவர்களில் ஒரு ஆள் இன்னும் வெளியே வரவில்லை என்று கணக்கில் நிற்கிறதாம். என் பையில் இருக்கும் பதினான்காம் நம்பரைத் திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சூடம் சாமி அலமாரியில் இருக்கிறது. நீ வரும்போது இரண்டு பேரும் வீட்டிலேயே ஏற்றுவோம். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே, காலுறை ஈரமாக இருந்தால் போடாதே. யார் பத்து நிமிடம் என்று சொன்னாலும் கூடாததைச் செய்யாதே. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
சு. மயிலாத்தாள்