மவுங் சோ வின்னைக் கொடுத்துக் கோல்கீப்பர் வாங்கிய கதை

தின்கன்ஜூன், ரங்கூன்
17.8.66

அன்பு மகள் ஜூடித்துக்கும் மாப்பிள்ளைக்கும் அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் உடம்பால் சுகம், மனதால் சுகமா என்றால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்களும் குழந்தையும் அங்கே சென்னையில் சுகமாயிருக்க வேண்டுகிறோம். குழந்தைக்குப் பல் முளைத்த சேதியை அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள், மொஹிங்கா மீன்குழம்பு விற்க வருகிற பர்மாக்கார அம்மாவைக்கூட விடவில்லை. எனக்குக் கீழ்வரிசையில் ஒன்று விழுந்துவிட்டது, ஆக குடும்பத்தில் மொத்தப் பல் குறையவில்லை.

நம் பேட்டைக் கால்பந்துக் கழகத்துக்கு நான் தலைவன் என்பது உனக்குத் தெரியும். பந்தைக் காலால் தொட்டவன் என்பதற்காக அல்ல, கமிட்டி உட்கார ஆறு நாற்காலி நம் வீட்டில்தான் இருக்கிறது என்பதற்காக. போன வருஷம் நம் கோல்கீப்பர் அய்யாசாமி குடும்பத்தோடு மெட்ராஸுக்குக் கப்பலேறினானே, அன்று முதல் நம் கோலுக்குக் கதவே இல்லை. இந்த மழைக்காலத்தில் ஆறு ஆட்டத்தில் பத்தொன்பது கோல் வாங்கியிருக்கிறோம். அதனால் செயலாளர் சபாபதி ஒரு யோசனை கொண்டுவந்தார். பபேடான் அணியில் தஸ்தகீர் என்று ஒரு கோல்கீப்பர், வயது முப்பத்தாறு, முழங்காலில் கட்டு, ஆனால் கையில் பந்து ஒட்டிக்கொள்ளும். அவரை நமக்குத் தர அவர்கள் தயார், பதிலுக்கு நம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற, வளர்ந்துவரும் பையன்கள் இரண்டு பேரை நாம் தர வேண்டும். போன ஞாயிறு நம் வீட்டில் கமிட்டி கூடியது. தையற்கடை தங்கமணி மட்டும், நாத்தைப் புடுங்கிக் குடுத்துட்டு அறுப்புக்கு எங்கய்யா போவீங்க என்று கேட்டார். சபாபதி விடவில்லை, அடுத்த மழைக்கு எந்தப் பையன் இங்க இருப்பான், எவன் மெட்ராஸ் கப்பல்ல இருப்பான்னு ஒங்களுக்குத் தெரியுமா, தஸ்தகீர் எங்கயும் போகமாட்டார், இருக்குற ஆள நம்புவோம் என்றார். எனக்கு அந்த வாதம் இனித்தது. பேசக் கிடைத்தால் உன் அப்பா விடுவானா, எழுந்து நின்று அரைமணி நேரம் வெளுத்து வாங்கினேன். காய் பழுக்கட்டும் என்று காத்திருப்பவன் பட்டினிதான் கிடப்பான் என்றேன், பையன்கள் மழைக்குக் காளான் மாதிரி இன்னும் நூறு முளைப்பார்கள் என்றேன். சபாபதி காகிதத்தை நீட்டினார். லீக் ஆபீசுக்குப் போவது, முழுக்கப் பர்மிய எழுத்து, நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். மவுங் சோ வின், மவுங் மியின்ட் ஊ என்று இரண்டு பெயர். குளத்துப் பக்கமிருந்து பயிற்சிக்கு வருகிற பர்மாக்காரப் பையன்கள் என்று நினைத்துக் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மாதா திருநாள். சாயங்காலப் பூசை முடிந்து வரும் வழியில் தம்பி என் குடைக்குள் நுழைந்து, அப்பா, என்னைய பபேடானுக்குக் குடுத்துட்டீங்களாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே என்றான். உன்னை யாரடா கொடுத்தது என்றேன். நீங்கதான், கையெழுத்து இருக்கே, சோ வின்னு யாருன்னு நெனச்சீங்க என்றான். ஜூடித், ஆறு வயதில் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனவள் நீ, வாத்தியார் பர்மியப் பெயர் கேட்டபோது அதைச் சொன்னவளும் நீ. பதினோரு வருஷமாக அந்தப் பெயரில் அவன் பாஸாகிறான், பெயிலாகிறான், லீக் புத்தகத்திலும் அதே பெயர்தான் இருக்கிறது, ரிப்போர்ட் அட்டையில் அம்மா கையெழுத்துப் போடுகிறாள். ஞானஸ்நானத்தில் வைத்த செபாஸ்டியன் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தகப்பன் ஒருவன் இந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறான். பெஞ்சில் இருந்தவர்களே நான்கு பேர், அதில் ஒருவன் நான் பெற்றவன் என்பதுகூட அரைமணி நேரம் பேசிய வாய்க்குத் தோன்றவில்லை. மியின்ட் ஊ என்பது ரொட்டிக்கடை அப்துல் பாரியின் மகனாம். அவர் என்னோடு பேசுவதில்லை, ரொட்டிக்கு இப்போது இரண்டு தெரு நடக்கிறோம்.

நனைந்த குடையோடு நேரே சபாபதி வீட்டுக்குப் போய், தெரிந்தே செய்தீரா என்று கேட்டேன். மனுஷன் மொஹிங்கா கிண்ணத்திலிருந்து தலை நிமிராமல், தலைவரே, ஒங்க பிள்ளையையே குடுக்குறீங்களேன்னு நாங்கதான் அசந்துபோனோம், ஒங்க வேதத்துல வர்ற ஆபிரகாம் மாதிரின்னு ஊரே சொல்லுது என்றார். ஆபிரகாமுக்குக் கடைசி நிமிஷத்தில் மகனுக்குப் பதில் ஒரு ஆடு கிடைத்தது, எனக்குக் கிடைத்தது முழங்காலில் கட்டுப் போட்ட தஸ்தகீர் என்றேன். காகிதத்தைத் திருப்பித் தாரும் என்றால், ஆபீசில் முத்திரை விழுந்தாயிற்று என்கிறார். பதினேழு வயதுப் பிள்ளையைச் சந்தையில் கோழி பிடிப்பதுபோல் காலைப் பிடித்து மாற்றிக்கொள்ள இவர்கள் யார் என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, என்னங்க, அந்தக் குளத்துப் பக்கத்துப் பையங்களா இருந்திருந்தா ஒங்களுக்கு இந்தக் கோவம் வந்திருக்குமா என்றாள். யாரோ பெற்ற பிள்ளைகள் என்று நினைத்ததால்தான் பேனா அன்றைக்கு அவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடியது. இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே.

தலைவர் பதவியை ராஜினாமா செய்கிறேன், லீக் ஆபீசில் போய்ச் சத்தம் போடுகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். விடுங்கப்பா, இங்க ரெண்டு வருஷமா தண்ணி வாளிதான் தூக்குனேன், அங்க மொத ஆட்டத்துலயே எறக்குறேன்னு சொல்றாங்க, நான் போறேன், ஆனா அடுத்த வாட்டி யாரையாச்சும் குடுக்குறதுக்கு முன்னால அவன்கிட்டக் கேளுங்க என்றான். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னான். இப்படிப்பட்ட பையனுக்கு இரண்டு வருஷம் வாளி கொடுத்த கமிட்டியை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது, அந்தக் கமிட்டிக்குத் தலைவன் யார் என்று நீ கேட்க வேண்டாம். ஆறு நாற்காலியையும் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன், இனி நின்றுகொண்டே கூடட்டும். வருகிற ஞாயிறு அவனுடைய முதல் ஆட்டமே நம் பேட்டையோடுதான். நம் பக்கத்தில் தலைவனுக்கென்று போடுகிற இடத்தில் நான் உட்காரப்போவதில்லை, தஸ்தகீரின் கோலுக்குப் பின்னால் போய் நிற்கப்போகிறேன், தம்பி பந்தோடு ஓடிவருவது அந்தப் பக்கம். சோ வின் என்று கத்திப் பழகுகிறேன், முதல் நாள் தொண்டையில் முள் மாதிரி இருந்தது, இப்போது பரவாயில்லை.

குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும், கவனம். மழையில் ஈரத்தலையோடு நிற்காதே. இந்த வருஷம் எப்போது கப்பலேறுகிறீர்கள், வீடு பார்க்கட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். தம்பியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும், கேட்காமல் ஒருமுறை கையெழுத்துப் போட்டது போதும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஏழாம் நம்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்தனுப்பு, மறக்காதே. ஆண்டவர் உங்கள் மூவர் தலைமேலும் கைவைத்துக் காப்பாராக, அம்மாவின் முத்தங்கள் எல்லாம் குழந்தைக்கே.

இப்படிக்கு,
மவுங் சோ வின்னின் தகப்பன்,
அமிர்தநாதன்