பிறந்த ஊர் என்ற கட்டம்

13 மார்ச் 2007, செவ்வாய். வெள்ளவத்தை.

கந்தோரின் ஊழியர் பட்டியலை ஈமெயில் சேர்வரோடு இணைக்கச் சொன்னது மனேஜர். இங்கே மாற்றினால் அங்கே தானாக மாறுமாம். எது போகலாம், எது போகக்கூடாது என்று பிரிக்க எனக்கு நேரம் தரவில்லை. காலையில் இணைத்தேன். எல்லாமே அங்கே போய்விட்டது. ஈமெயிலில் யாருடைய பெயரை அழுத்தினாலும் பிறந்த ஊர் எல்லாருக்கும் தெரிந்தது.

வரவேற்பு மேசை மேரி இத்தனை வருடமும் தன்னை நீர்கொழும்பு என்றே சொல்லி வந்தவள். திரையில் கிளிநொச்சி என்று நின்றது. புலிகளின் பகுதியில் பிறந்தவர் என்றாலே கொழும்பில் சந்தேகம்தான். மத்தியானம் வாசல் காவலாளி அவளுடைய கைப்பையை எல்லார் முன்னாலும் கொட்டிப் பார்த்தான். மூன்று வருடமாக அவளுக்குக் குட்மோர்னிங் சொன்னவன்.

அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"என்ன வேலை செய்து வச்சிருக்கிறீங்கள்?"

"சொன்னதைத்தான் செய்தனான். பொய் சொன்னது நீங்கள். என்னோட ஏன் கத்துறீங்கள்?"

அவள் என் திரையைத் தன் பக்கம் திருப்பி, என் பெயரை அழுத்தினாள்.

"அப்ப உங்கட ஊர் மட்டும் ஏன் வெறுமையாக் கிடக்கு?"

இப்போதும் அவள் மேல்தான் ஆத்திரம் வருகிறது. என் பெயருக்கு நேரே முல்லைத்தீவு என்று இருந்ததை நேற்றே, பட்டியலைத் திறந்த கையோடு, முதல் வேலையாக அழித்திருந்தேன்.