இஸ்தான்புல் சந்தைக்கு ஒரே சாட்சி

மாப்ள,

கொடியில் காய்கிற பச்சைத் துண்டிலிருந்து அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை. துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். உன் பீரோவில் எத்தனை உருண்டையைக் கொட்டி வைத்திருந்தாயோ, இந்தத் துண்டு வந்ததிலிருந்து சாணார்பட்டி வட்டாரத்திலேயே ஒரு கொசு கிடையாது. அந்த வாசம் மூக்கில் ஏறும்போதெல்லாம் எனக்கு உன் மேல் கோபம்தான் வருகிறது. போய்ச் சேர்ந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் என் வீட்டுக்காரி. வேறு யார் மேல் படுவது? நடந்தது தெரிந்தவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான்.

நான் மாட்டுத் தரகன், நீ பேகம்பூர் தோல் வியாபாரி. மாடு உயிரோடு இருக்கிறவரை எனக்கு, அதற்கப்புறம் உனக்கு என்று சொல்லிச் சிரிப்போம். சந்தை டீக்கடையில் நான் எதைச் சொன்னாலும் நீ டம்ளரை உதட்டிலிருந்து எடுக்காமலே, "ஆமா, நானும் பாத்தேன்" என்பாய். அதோடு பேச்சு முடிந்தது. ஒட்டன்சத்திரத்தில் மிரண்டு ஓடிய காளையை ஒற்றைக் கையால் நிறுத்தினேன் என்று ஒருநாள் சொன்னேன். காளை ஓடிய அன்றைக்கு நீ நாகூரில் இருந்தாய். ஆனாலும் பார்த்தாய். அப்படிப்பட்ட சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்?

இப்போது என் நிலைமை என்ன தெரியுமா? வாயைத் திறந்தாலே டீக்கடைக்காரன் பாய்லரைத் தட்டுகிறான். "அண்ணே, சாட்சி இல்லாம கேசு நிக்காதுண்ணே." சுற்றி இருக்கிறவன் எல்லாம் சிரிக்கிறான். மற்றதைக்கூட விடு. இஸ்தான்புல் கதையையும் நம்பமாட்டேன் என்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. விமானத்தை எந்தப் பக்கமாக இறக்கலாம் என்று பைலட் என்னிடம் வந்து கேட்டான் என்றேனே, அது கொஞ்சம் கூடுதல். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தையில் நடந்தது அத்தனையும் நிஜம். நீ பக்கத்தில் நின்றாயே.

தோல் சீவுகிற மெஷின் பார்க்க நீ அந்த ஊருக்குக் கிளம்பினாய். விமானத்தில் தனியாக ஏறப் பயம். "நீ கூட வா மாப்ள. இங்கிலீசு தெரிஞ்ச ஆளு இருந்தா செத்த தெம்பா இருக்கும்" என்றாய். நான் படித்தது ஏழாம் வகுப்பு. அந்தக் காலத்து ஏழு, இந்தக் காலத்துக் காலேஜுக்கு மேலே. ஆனால் அங்கே போய் இறங்கினால் அந்த ஊர்க்காரர்களுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

இறங்கியதிலிருந்தே எல்லாம் கோணல். கக்கூஸ் குழாய்க்குத் திருகு இல்லை. நான் தட்டிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், பேசாமல் இருந்தது. நீ வந்து சும்மா கையை நீட்டினாய், பொத்துக்கொண்டு ஊற்றியது. அன்றைக்குப் பூராவும் உனக்கு அதே பெருமை. ஓட்டல் பேர் உன் போனில் இருந்தது. போனோ, வழியெல்லாம் நீ படம் பார்த்ததில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. "ஓட்டல் பேரு என்னடா?" என்று கேட்டால், "வாசல்ல ரெண்டு பூத்தொட்டி இருக்கும்" என்றாய். அம்புட்டுப் பெரிய ஊரில் பூத்தொட்டி இல்லாத வாசல் எங்கே இருந்தது?

டாக்சிக்காரனிடம் நான்தான் வாடகை பேசினேன். நமக்குப் பழக்கம் எதுவோ அதைத்தானே செய்வோம்? தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கை மேல் போட்டு, உள்ளே கையை விட்டு விரலைப் பிடித்தேன். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாமல் விரலிலேயே பேசி முடிக்கிறது நம்ம சந்தையில் மரியாதை. அவன் தேள் கொட்டியவன் போலக் கையை உதறிக் கத்தினான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு, என்னைத் தெரியாதவன் மாதிரி தூணுக்குப் பின்னால் போய் நின்றாய். மறந்திருக்கமாட்டாய்.

அடுத்து வந்தவன் சிரித்த முகம். நாம் யார், என்ன தொழில் என்று சொன்னால் தோதான ஓட்டலாகப் பார்த்து விடுவான் என்று நினைத்தேன். தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து "ம்மா" என்று கத்திக் காட்டினேன். அவன் உன் தாடியைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான். பக்ரீத்துக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. புரிந்துவிட்டது என்று நெஞ்சில் கை வைத்து ஏற்றிக்கொண்டான். ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டுபோய், ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் இறக்கிவிட்டான்.

"ஓட்டலுக்குப் போகச் சொன்னா மாட்டுச்சந்தைக்குக் கூட்டியாந்திருக்கியேடா!" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். முந்தின நாள் மழை. பெட்டியின் சக்கரம் சேற்றில் புதைந்து நின்றது. இட்லிப்பொடி டப்பா திறந்துகொண்டு உன் ஜிப்பாவெல்லாம் பொடி. நான் மட்டும் நின்று மூக்கை இழுத்தேன். வைக்கோல், சாணம், மூத்திரம். வாசத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பாஷை தெரியாத அந்த ஊரில் எனக்குத் தெரிந்த முதல் இடம் அதுதான்.

கூடாரம் கூடாரமாகக் காளைகள். ஒவ்வொன்றும் யானை உசரம். சரி, யானைக்குட்டி உசரம். ஒரு செவலைக் காளைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கையைக் கோத்து மேலும் கீழுமாக ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருத்தன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து அமுக்குகிறான். அடிதடி என்று விலக்கப் போனேன். கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது, அது வியாபாரம். நடுவில் நிற்பவன் என்னைப்போலத் தரகன். வாங்குகிறவன் கையை உருவப் பார்க்கிறான், விற்கிறவன் விடமாட்டேன் என்கிறான், தரகனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"வேணாம் மாப்ள, போலீசு வந்துரும்" என்று நீ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாய். நான் துண்டை எடுத்து உதறி, கோத்த கைகள் மேல் போட்டேன். உள்ளே கை விட்டு, விற்கிறவனுடைய விரல் ஒன்றை மடக்கினேன். வாங்குகிறவனுடைய விரல் ஒன்றை நிமிர்த்தினேன். நீ கொஞ்சம் இறங்கு, நீ கொஞ்சம் ஏறு. அவ்வளவுதான். அந்த ஊர்ப் பணம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. துண்டுக்குள் இரண்டு கையும் சற்று நேரம் சும்மா இருந்தன. பிறகு ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தன. துண்டை எடுத்தேன். விற்கிற கிழவர் சிரித்த சிரிப்பில் செவலைக் காளையே மிரண்டது. இடுப்புச் சிறுத்த கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. உன் போனுக்குச் சார்ஜ் ஏறியது. ஓட்டல் பேரும் கிடைத்தது. ஆயிரம் பேராவது கூடி நின்று கை தட்டினார்கள். சரி, பத்து இருபது பேர்.

திரும்பி வரும்போது விமானத்தில் குளிர் என்று என் துண்டை வாங்கிக் காதைச் சுற்றிக் கட்டினாய். அப்புறம் கேட்டபோதெல்லாம் "தாரேன், தாரேன்". கடைசிவரை தரவில்லை.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்திருந்தேன். நெய்ச்சோறும் தால்ச்சாவும் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சரியான நேரம் என்று நான் இஸ்தான்புல் சந்தையை ஆரம்பித்தேன். டாக்சிக்காரனுக்குக் கொம்பு காட்டினது வரைக்கும்தான் வந்திருப்பேன். உன் தம்பி குறுக்கே விழுந்தான். "மச்சான், அண்ணன் செஞ்சதையெல்லாம் நீங்க செஞ்சதா அளக்காதீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து உன் வீட்டம்மா குரல் வந்தது. "அவுகதேன் துண்டப் போட்டு யாவாரத்த முடிச்சு வச்சாக. ஊரே கை தட்டுச்சாம். இவுக சேத்துல நின்னு பெட்டிக்குக் காவல் இருந்தாகளாம். அதச் சொல்லிச் சொல்லி அம்புட்டுச் சிரிப்பாக. முடியாமப் படுத்திருந்தப்பகூட அதத்தேன் சொன்னாக. இல்லியாண்ணே?"

அடப்பாவி மாப்ள! பெட்டிக்குக் காவல் நின்றது நானா? என்னுடைய நூறு பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டு, நான் வைத்திருந்த ஒரே நிஜத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாயே. நியாயமா இது? வாய் வரைக்கும் வந்தது. உன் தம்பி என்னையே பார்க்கிறான். திரை அசையவில்லை. அதற்குப் பின்னால் ஒருத்தி பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாத்தா, நானும் பாத்தேன்" என்றேன்.

திரைக்குப் பின்னால் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். கிளம்பும்போது உன் மகள் வாசலுக்கு வந்து இந்தத் துண்டைக் கையில் கொடுத்தாள். "அத்தா துண்டு மாமா. அம்மா உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாக." ஓரத்தில் என் பீடி சுட்ட ஓட்டை அப்படியே இருந்தது. என் துண்டை எனக்கே தானமாக வாங்கிக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தேன்.

டீக்கடையில் இனி அந்தக் கதையைச் சொல்ல முடியாது. பேகம்பூருக்கு எட்டிவிடும். சொல்லாமல் இருப்பதும் எனக்கு வயிற்றுவலி மாதிரி இருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீயாவது மறுக்கமாட்டாய்.

நாளைக்குச் சந்தை. துண்டு அதற்குள் காய்ந்துவிடும். தோளில் போட்டுக்கொண்டு போவேன். விலை பேச இரண்டு பேர் கை மேல் விரித்தால், அந்துருண்டை நெடியில் இரண்டு பேரும் தும்முவார்கள். யார் துண்டு இது என்று கேட்டால், உன் துண்டு என்றே சொல்வேன்.