மந்தைவெளி வீடும் பெயரில்லாத அட்டையும்

மாடியறை பீரோவைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. நீ வைத்ததுதான். ஒவ்வொரு போர்வை மடிப்பிலும் இரண்டு இரண்டாகப் போட்டு வைத்திருக்கிறாய். பாதிக்குமேல் கரைந்துவிட்டன, வாசனை மட்டும் போகவில்லை. நாளைக் காலை கம்போடியாவிலிருந்து நம் ஊழியக் குடும்பம் ஒன்று லீவில் வருகிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். போர்வைகளை மொட்டைமாடியில் உதறிக் காயப்போட வேண்டும். முழங்கால் கேட்கவில்லை, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இந்த அறையில் உட்கார்ந்தாலே உன்னோடு பேசத் தோன்றுகிறது.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. மழை பெய்தால் வடக்கு மூலையில் ஒழுகுகிறது. தளத்தை உடைத்துத்தான் போட வேண்டும் என்கிறார் மேஸ்திரி. மறுபடியும் பணம், மறுபடியும் ரசீதுப் புத்தகம், மறுபடியும் ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது. எனக்கு அலுத்துவிட்டது. இதைச் சபையில் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் உடனே கண்ணை மூடி எனக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பன்னிரண்டு வருஷம் நம் மிஷன் இதே வீட்டில் வாடகைக்கு இருந்தது. கீழே மிஷன் அலுவலகம், இருபது நாற்காலி போட்ட ஜெப அறை. மேலே இந்த இரண்டு அறைகள். வெளிநாட்டில் ஊழியம் செய்கிற நம் குடும்பங்கள் ஊரில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுப் போனவர்கள். திரும்பி வரும்போது தங்குவதற்கு, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு, ஹாஸ்டலில் படிக்கிற பிள்ளையை அழைத்து வந்து நான்கு நாள் கூடவே வைத்துக்கொள்வதற்கு, அவர்களுக்கு இந்த இரண்டு அறைகளைத் தவிர இடமில்லை. நீ பெண்கள் ஜெபக்குழுவுக்குப் பொறுப்பு, நான் செயலாளர். செயலாளர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, குழாய் ஒழுகினால் ஆள் பிடிக்கிறவள்.

வீட்டுக்கார மாமா அன்று சாயங்காலம் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தது உனக்கு நினைவிருக்கும். தெருவே அவரை மாமா என்றுதான் கூப்பிடும், நாமும் அப்படியே பழகிவிட்டோம். காபி வேண்டாம் என்றபோதே விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பிள்ளை பெங்களூருக்கே வந்துடுங்கோன்னு ஒத்தக் கால்ல நிக்கறான்," என்றார். "ஆத்துக்காரி போனப்புறம் எனக்கும் இங்க என்ன இருக்கு? பில்டர் ஒருத்தன் தினம் வந்து உக்காந்துண்டு எழுந்துக்கவே மாட்டேங்கறான். ஆனா உங்களண்ட சொல்லாம விக்கறது நியாயமில்லை. ஆடி பொறக்கறதுக்குள்ள பத்திரம் பண்ணிடணும். ஆடியில நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

பிறகு விலையைச் சொன்னார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடுத்துக்கிறோம் மாமா," என்றாய். மேஜைக்கடியில் உன் தொடையைக் கிள்ளினேன், நீ காலை நகர்த்திக்கொண்டாய்.

அவர் போனதும் கேட்டேன்: "எந்தப் பணத்துல எடுக்கப்போறோம்?"

"தெரியலையே," என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று உனக்குக் காபி போடாமலே அனுப்பினேன்.

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற லெந்து நோன்பு நாட்களுக்கு முந்தின ஞாயிறு சபையில் விசுவாச அட்டை கொடுத்தோம். வெளியில் இருப்பவர்களிடம் இந்த வழக்கத்தைச் சொன்னால் நமக்குப் பைத்தியம் என்பார்கள். கையில் இல்லாத பணத்தை, ஆண்டவர் தருவார் என்று நம்பி, இவ்வளவு தருகிறேன் என்று எழுதுவது. அட்டையின் இரண்டு பாதியிலும் தொகையை எழுதி, ஒரு பாதியைக் கிழித்துக் காணிக்கைப் பையில் போட வேண்டும். மறு பாதியைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு அதற்காகத் தினமும் ஜெபிக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது, எழுதினால் பெருமை வந்துவிடும். பழைய போதகர் ஐயர் காலத்திலிருந்தே நம் சபையில் அப்படித்தான்.

ஆராதனை முடிந்து கமிட்டி உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்தோம். ஆயிரம், ஐயாயிரம், எங்கோ ஓர் ஐம்பதாயிரம். நடுவில் ஓர் அட்டை வந்தது. எழுத்தே இல்லை, எண் மட்டும். இருபத்தைந்து லட்சம். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவரே எழுந்து நின்று ஸ்தோத்திரப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாய்.

அங்கேதான் நாம் தப்புப் பண்ணினோம். அட்டைகளைக் கூட்டிப் பார்த்தோம், விலைக்குச் சரியாக வந்தது. அட்டை வந்தால் பணமே வந்த மாதிரி என்று நினைத்துவிட்டோம். உலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்வார்களா? ஊழியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் பீஸ் கட்ட வைத்திருந்த தொகையை அப்படியே எடுத்து மாமாவுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். ஆனி மாதத்துக்குள் முழுப் பணம் தராவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மாமாவின் பிள்ளை எழுதி அனுப்பிய ஒப்பந்தம். நான்தான் கையெழுத்துப் போட்டேன். வீடும் போய், பிள்ளைகளின் படிப்புப் பணமும் போனால் அந்தத் தாய் தகப்பன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சின்ன அட்டைகள் ஒன்றொன்றாக வந்தன. நம் ஜனம் அப்படி. ஆயிரம் எழுதினவர்கள் ஆயிரத்து நூறாகக் கொண்டுவந்தார்கள். பெரிய அட்டை மட்டும் வரவில்லை. ஈஸ்டர் போனது. சித்திரை போனது. மூன்று ஞாயிறு நான் அறிவிப்பு நேரத்தில் ஜாடையாகச் சொன்னேன். எல்லோரும் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு தொகை எழுதக்கூடியவர் அடையாறு டாக்டர் ஒருவர்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அவரை எதிரில் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டேன்.

பிறகு நாம் இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்தோம். நீதான் சொன்னாய்: "கார்டு வந்தா வரட்டும். நாம வீடு வீடா போயிடலாம்." நீ பேசுவது, நான் ரசீது எழுதுவது. மே மாத வெயிலில் இரண்டு கிழவிகள், ஆளுக்கொரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில். தி. நகரில் ஜவுளிக்கடை ஒன்றின் பின்வாசலில் நம் சபைப் பெண் ஒருத்திக்காக ஒரு மணி நேரம் நின்றோம். அவள் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்து சுருட்டிய நோட்டுகளைக் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாமா, பைபிள் குடுக்க வந்துகிறீங்களா? செக்ரட்ரி பாத்தா என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

"இல்லப்பா," என்றாய் நீ. "நாங்க பணம் கேக்க வந்திருக்கோம்."

அவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ உள்ள போங்க. அத்த எவன் குடுக்கப் போறான்." கேட்டைத் திறந்தும் விட்டார். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து நாம் அன்று சிரித்த மாதிரி அதன் பிறகு நான் சிரிக்கவில்லை.

ஆனால் வழியெல்லாம் என் வாய் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் திட்டினேன், ஆட்டோவில் திட்டினேன், மந்தைவெளி ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே திட்டினேன். எழுதிவிட்டு ஒளிந்துகொண்ட அந்த ஆள், டாக்டரோ யாரோ, அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் அவ்வளவு. ஒரே ஒருமுறை நீ சொன்னாய்: "விடு. எழுதறப்போ நெசமாத்தான் எழுதியிருப்பாங்க."

"நெசமா எழுதினவங்க எங்க போயிட்டாங்களாம்?" என்று கேட்டேன். நீ பர்ஸைத் திறந்து மோருக்குச் சில்லறை தேடினாய்.

ஆனி கடைசி வாரம். நான்கு லட்சம் குறைந்தது. மாமாவிடம் போய் நின்றோம். அவர் மோவாயைத் தடவிக்கொண்டார். "சரி, அந்த நாலு லட்சத்தை விடுங்கோ. பிள்ளையாண்டான்கிட்ட நான் சொல்லிக்கறேன். வெயில்ல இப்படி அலைஞ்சுண்டிருந்தா உங்களுக்கு ஏதாவது ஆயிடும்," என்றார். பத்திரம் பதிகிற அன்று நீ ரிஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சிலேயே தூங்கிவிட்டாய். வாய் திறந்திருந்தது. கையெழுத்துப் போட்டு முடித்து உன்னை எழுப்பினபோது, "ஆயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாய். களைப்பு என்று நினைத்தேன். நாம் எல்லோரும்தான் களைத்திருந்தோம். உன் இதயம் பழுதாகியிருந்தது என்று ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது சொல்லி என்ன பிரயோசனம்? விடாத மழையில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து, இதே அறையில் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்தேன்.

போன வாரம் உன் மகள் வந்தாள். கீழே அலுவலகத்தில் நான் தனியாகத்தான் இருந்தேன். கைப்பையிலிருந்து ஒரு கவரையும், உன் பைபிளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்பது மாதமாக அந்தப் பைபிளைத் திறக்க அவளுக்கு மனசு வரவில்லையாம். திறந்தபோது உள்ளே பாதி அட்டை இருந்ததாம்.

எடுத்துக் காட்டினாள். இருபத்தைந்து லட்சம். உன் கையால் எழுதிய எண்கள். தினமும் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் எழுத்தைப் பார்த்த எனக்கு அது தெரியாமல் போனது எப்படி என்று இன்னும் விளங்கவில்லை.

"அம்மா வண்டலூர் மனைய வித்துக் குடுக்கலாம்னு நெனச்சுத்தான் எழுதியிருக்காங்க ஆன்ட்டி," என்றாள். "அடுத்த மாசமே இவருக்கு வேலை போயிடுச்சு. பேங்க்ல எங்க ஃப்ளாட்டுக்கு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. அம்மாதான் மனைய வித்து லோனை அடைச்சாங்க. இந்தக் கார்டு பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நான் விக்க விட்டிருக்க மாட்டேன்." கவரை என் பக்கம் தள்ளினாள். "மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடுறேன். ஆண்டவருக்கு எழுதிக் குடுத்தது, அம்மா பேர்ல கடனா நிக்கக் கூடாது."

கவர் கனமாகத்தான் இருந்தது. மேலே தளம் ஒழுகுகிறது, மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் என் கை அதன்மேல் இருந்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன்.

"அது அப்பவே வந்து சேர்ந்துடுச்சும்மா," என்றேன்.

"எப்படி ஆன்ட்டி? அம்மாகிட்டதான் பணமே இல்லையே."

"உங்கம்மா கொண்டுவந்து கட்டினா. அத்தனைக்கும் நான்தான் ரசீது எழுதினேன்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. மேஜையில் தலை வைத்து அழுதாள். கவரை அவள் பைக்குள் நானே திரும்ப வைத்தேன். அவள் பிள்ளைக்குப் பீஸ் கட்டச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டாக்டரிடம் போய் ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் பாவம், கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன் சிஸ்டர்," என்றார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் ஒரு நாள் கத்தியிருப்பேன், மறுநாள் சரியாகியிருப்பேன். மருமகன் மானம் போய்விடும் என்று பார்த்தாயா, நான் கமிட்டியில் சொல்லிவிடுவேன் என்று பயந்தாயா? முப்பது வருஷப் பழக்கத்தில் என்னை இவ்வளவுதான் நம்பினாயா என்று கேட்கத் தோன்றுகிறது. உடனே, அந்த இரண்டு மாதமும் நான் பேசியதை நினைத்தால் கேட்கிற வாய் அடைத்துப்போகிறது. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவரிடம் கேட்பது சுலபம். உன்னிடம் கேட்கத்தான் வழியில்லை. அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் நாம் பணம் கேட்டுப் போன, லிப்ட் இல்லாத அந்தப் பழைய கட்டடம். நான்காவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். மூன்றாவது மாடியில் எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. "ஆண்டவர் பேரைச் சொல்லி எழுதிட்டு இப்படி ஏமாத்துற ஜென்மத்துக்கு நல்ல சாவு வருமா?" என்று கத்தினேன். நீ எனக்கு இரண்டு படி மேலே நின்றிருந்தாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. திரும்பிப் பார்த்து, தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டினாய். கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்தாய். மீதியை என்னிடம் கொடுத்து, "நீயும் குடி. இன்னும் ஒரு மாடிதான்," என்றாய்.